பிடிக்காத கட்சியில் மதிக்கத்தக்க மனிதர்: கட்சி சாரா வாக்காளரின் கேள்விகள்

எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லாமல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக யோசித்து வாக்களிப்பவர், எல்லாப் பக்கமும் திட்டு வாங்குவார். அவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகளும், மற்றவர்கள் அவரை மடக்கக் கேட்கும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

மாற்றுக் கட்சித் தலைவரை மதித்தால் அவர் கொள்கையைப் பாதி ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாதா?

ஆகாது. ராஜாஜியையும் பெரியாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள், சாதி, மொழி, கல்வி என்று எதைத் தொட்டாலும் இருவரும் எதிரெதிர். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜியின் அரசு. மறுபடி முதலமைச்சரான ராஜாஜி 1953இல், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதற்குக் ‘குலக்கல்வி’ என்ற பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது என்றால், எதிர்த்தவர்கள் எவ்வளவு வலுவாக எதிர்த்தார்கள் என்று பாருங்கள். முன்வரிசையில் நின்றவர் பெரியார். எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளும் பரவியது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று.

அதே பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார்.

நட்புக்காகப் பெரியார் எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. எதிர்ப்புக்காக நட்பை விட்டதாகவும் சொல்ல முடியாது. மதிப்பது வேறு, உடன்படுவது வேறு, வாக்களிப்பது வேறு. ஒரு தலைவரை மதித்து, அவர் கொள்கையை மறுத்து, அவருக்கு எதிராக வாக்களித்துவிட்டு வரலாம். மூன்றுக்கும் நடுவே முரண் எதுவும் கிடையாது.

மேடையில் அடித்துக்கொள்கிறார்கள், கல்யாண வீட்டில் கைகோத்துச் சிரிக்கிறார்கள். இந்த ‘அரசியல் நாகரிகத்தை’ நம்பி நாம் ஏமாற வேண்டுமா?

சந்தேகம் நியாயமானது. கல்யாண வீட்டுச் சிரிப்புக்கு விலை எதுவும் கிடையாது. படம் நன்றாக வரும், அவ்வளவுதான். அதனால் நான் பார்ப்பது, அந்த மரியாதைக்காக அவர் எதையாவது இழக்கத் தயாராக இருந்தாரா என்பதை.

2008 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. மின்னசோட்டாவில் ஒரு கூட்டம். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னிடம் அவருடைய ஆதரவாளரான ஒரு பெண் எழுந்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரேபியர் என்றார். மெக்கெய்ன் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அப்படியில்லை, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், நம் குடிமகன், அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அதே கூட்டத்தில் அவருடைய ஆட்களே அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். வாக்குக் கேட்டு வந்த இடத்தில் வாக்குகளை இழக்கும்படியாகப் பேசியிருக்கிறார். இதற்கு மதிப்பு உண்டு.

(அரேபியராக இருந்தால் கண்ணியமானவராக இருக்க முடியாதா என்று அந்தப் பெண்ணிடம் அவர் கேட்கவில்லை என்ற விமர்சனமும் பிறகு வந்தது. நியாயமான விமர்சனம். ஒரு செயலைப் பாராட்டுவதற்காக அதன் ஓட்டையைக் காணாததுபோல் இருக்க வேண்டியதில்லை.)

இங்கே 1994இல் நடந்ததைச் சொல்லலாம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதைச் சமாளிக்கச் சென்ற இந்தியக் குழுவுக்குத் தலைவராகக் காங்கிரஸ் பிரதமர் நரசிம்ம ராவ் அனுப்பியது, மக்களவை எதிர்க்கட்சித் தலைவரான வாஜ்பாயை. வெற்றி பெற்றால் பெயர் எதிர்க்கட்சிக்கும் போகும் என்று தெரிந்தே அனுப்பினார். கடைசியில் பாகிஸ்தான் தீர்மானத்தை வற்புறுத்தவில்லை. சும்மா கைகுலுக்குவதற்கும் இப்படி ஒரு பொறுப்பை எதிரணியின் கையில் ஒப்படைப்பதற்கும் நிறைய தூரம்.

கட்சி சாராதவர் என்றால் யாருக்கும் வாக்களிக்காதவரா?

இல்லை. வாக்களிக்கும் நாளில் அவரும் ஒரு பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அடுத்த தேர்தலிலும் அதே பொத்தானை அழுத்துவேன் என்று யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. ஒரே கட்சிக்கு வரிசையாக நான்கு தேர்தல்களில் வாக்களித்தவர்கூட, நான்கு முறையும் யோசித்து அளித்திருந்தால் கட்சி சாராதவர்தான்.

‘நடுநிலை நக்கி’ என்று திட்டுகிறார்களே, என்ன சொல்வது?

அந்த வசவில் பாதி உண்மை இருக்கிறது. எதைக் கேட்டாலும் “ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு” என்று நழுவுகிற ஒரு வகை ஆள் உண்டு. ஒரு பக்கம் பத்து ரூபாய் தப்பு, இன்னொரு பக்கம் பத்து லட்சத்துக்குத் தப்பு என்றாலும் அவர் பதில் மாறாது. அது மதில் மேல் பூனை. தன் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே நோக்கம்.

எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் விடை சமமாகத்தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அளந்து பார்த்து ஒரு கட்சி மிக மோசம் என்று தெரிந்தால் அதை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போது மறுபக்கத்தினர் உங்களைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் அவர்களை அளக்கும்போது கீழே போடுவார்கள். இரண்டுக்கும் பழகிக்கொள்வது நல்லது.

நான் கட்சி பார்க்காமல்தான் யோசிக்கிறேன் என்று எனக்கே எப்படித் தெரியும்?

இதுதான் உண்மையில் கடினமான கேள்வி. நம் மனம் நமக்கே முட்டுக் கொடுக்கிறது.

2003இல் ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் சில சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். ஏழைகளுக்கான நலத்திட்டம் ஒன்றைப் படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். ஒரு திட்டம் தாராளமானது, இன்னொன்று கறாரானது. எந்தக் கட்சி எதை ஆதரிக்கிறது என்ற தகவலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னார். திட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, தங்கள் கட்சி அதை ஆதரிக்கிறது என்ற தகவல்தான் பதிலைத் தீர்மானித்தது. தாராளவாதிகள் கறாரான திட்டத்தையும் பழமைவாதிகள் தாராளமான திட்டத்தையும் ஆதரித்தார்கள். என் கட்சி சொன்னதற்காக நான் ஆதரிக்கவில்லை, திட்டத்தைப் படித்துப் பார்த்தே ஆதரித்தேன் என்றும் நம்பினார்கள். எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் திகிலாக இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. செய்தியில் ஓர் அமைச்சர் அதிகாரியை மிரட்டியதாக வருகிறது. அவர் கட்சியின் பெயரை அடித்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த கட்சியின் பெயரை எழுதுங்கள். “முழு வீடியோவையும் பார்க்காமல் பேசக்கூடாது” என்று மனம் சொல்கிறதா? அந்த நிதானத்தை மற்றவருக்கும் கொடுங்கள். பிடிக்காதவர் பெயரை எழுதியதும் “இவர்கள் எப்போதும் இப்படித்தான்” என்று தோன்றினால், அந்தக் கடுமையை உங்கள் ஆளுக்கும் காட்டுங்கள்.

இன்னொன்று இதைவிடச் சுலபம், ஆனால் பலர் தோற்றுப்போவது இதில்தான். நீங்கள் வாக்களித்தவர் செய்த தவறு ஒன்றையும், நீங்கள் எதிர்த்தவர் செய்த நல்லது ஒன்றையும் குறிப்பாகச் சொல்லுங்கள். “அவரும் மனிதர்தானே, சில குறைகள் இருக்கும்” என்பது பதில் ஆகாது. எந்தத் திட்டம், எந்த முடிவு, எந்த ஆண்டு?

ஒரு நல்ல திட்டத்துக்கு எந்தக் கட்சியைப் பாராட்டுவது? எல்லோரும் உரிமை கொண்டாடுகிறார்களே?

பள்ளி மதிய உணவை எடுத்துக்கொள்வோம். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் இலவச உணவைத் தொடங்கியது நீதிக்கட்சி, தியாகராய செட்டியார் காலத்தில். 1956இல் அதை மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டமாக்கியது காங்கிரசின் காமராசர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அரசுக்குக் கட்டுபடியாகாது என்று அப்போது சொன்னவர்கள் பலர். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாத வகைகள் சோதனையாக வந்தன. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கினார்.

ஒரு நூற்றாண்டு, நான்கு கட்சிகள், ஒரே தட்டு. யாராவது ஒருவர் “முந்தியவன் தொடங்கியது” என்று நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பழைய ஆட்சியின் திட்டத்தை மூடாமல், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளாமல், மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறவரை நான் தனியாகக் குறித்துவைத்துக்கொள்வேன். அடிக்கல் நாட்டுவதில் இருக்கும் புகழ் இதில் கிடைக்காது. தெரிந்தும் செய்கிறார்கள்.

வேட்பாளர் நல்லவர், கட்சி பிடிக்கவில்லை. அல்லது கட்சி பிடிக்கிறது, வேட்பாளர் மோசம். எதைப் பார்ப்பது?

இதற்கு ஊர் உலகம் முழுவதற்குமான ஒரே பதில் கிடையாது. அந்த நாட்டில் ஓர் உறுப்பினர் தன் மனசாட்சிப்படி வாக்களிக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தியாவில் அந்த இடம் குறுகலானது. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையாக வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். இது வந்ததற்குக் காரணமும் இருந்தது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் மிகச் சில நாட்களுக்குள் பலமுறை கட்சி மாறியதில் பிறந்ததுதான் ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற கிண்டல். அந்த நோய்க்குக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவாக, நல்ல உறுப்பினரும் முக்கிய மசோதாக்களில் கட்சி சொன்ன பக்கமே கை தூக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே வேட்பாளரை மட்டும் பார்த்து வாக்களிப்பவர், அவருடைய கட்சியின் முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை மறக்கக்கூடாது.

ஆனாலும் தனி மனிதருக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழுக்களில் கொறடா உத்தரவு கிடையாது. கேள்வி நேரம் இருக்கிறது. அமைச்சராக இல்லாத உறுப்பினரும் கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதா இருக்கிறது. 2015 ஏப்ரலில் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவும் ஓர் அவையில்கூட நிறைவேறாமல் இருந்த பிறகு நடந்தது அது. அன்று ஆளும் தரப்பும் ஆதரித்தது. அந்த மசோதா அப்படியே சட்டமாகவில்லை, 2019இல் அரசின் வேறொரு சட்டம் வந்தது, அதன்மேல் திருநர்களுக்கே கடும் விமர்சனம் இருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் தன் முயற்சியால் ஓர் அவை முழுவதையும் நகர்த்த முடியும் என்பதற்கு இது சான்று.

வேட்பாளரை அளக்க வேறு கருவியும் கையில் இருக்கிறது. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் தன்மேல் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது கிடைக்கும். சுவரொட்டியை நம்புவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கலாம். வழக்கு இருக்கிறது என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல் எந்தப் பிரிவு என்றும் பாருங்கள். சாலை மறியல் வழக்கும் கொலை முயற்சி வழக்கும் ஒன்றல்ல.

தன் கட்சியை எதிர்த்துப் பேசியவர்களை மட்டும்தான் மதிக்க வேண்டுமா?

அப்படி ஒரு மயக்கம் கட்சி சாராதவர்களுக்கு உண்டு. கட்சியை உடைத்துக்கொண்டு வருபவர் எல்லாம் நமக்கு வீரராகத் தெரிவார். இரவு கட்சி மாறிக் காலையில் பதவியேற்கிறவரும் “மனசாட்சி” என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். மாறியதால் அவருக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்று கணக்குப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

இழந்தவர்கள் இருக்கிறார்கள். 1950 ஜூன் 1 அன்று, அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிச வேட்டை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சியின் மார்கரெட் சேஸ் ஸ்மித் செனட்டில் எழுந்து அந்தப் போக்கைக் கண்டித்தார். அன்று செனட்டில் இருந்த ஒரே பெண் அவர். 2003 மார்ச்சில் ஈராக் போரை ஏற்காமல் ராபின் குக் பிரிட்டன் அமைச்சரவையிலிருந்து விலகினார். மறுநாள் வாக்கெடுப்பில் தொழிற்கட்சி உறுப்பினர்கள் 139 பேர் தங்கள் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆனால் பத்தாவது அட்டவணை போன்ற ஒன்று அங்கே இல்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இங்கே அந்த 139 பேர் பதவியையே பணயம் வைக்க வேண்டியிருந்திருக்கும்.

மறுபக்கம், கட்சிக்குள்ளேயே இருந்து எதிரணிக்குக் கை கொடுத்தவர்களை நாம் எளிதில் மறக்கிறோம். 1964இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் அமெரிக்காவின் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் சிக்கி நின்றது. அதிபர் ஜான்சனின் சொந்த ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தென்மாநிலத்தவர்களே முடிவில்லாமல் பேசி அதைத் தடுத்தார்கள். அந்தப் பேச்சை முடித்துவைக்க 67 வாக்குகள் தேவை. கிடைத்தது 71. அதில் 27 எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் வாக்குகள். அவற்றைத் திரட்டியவர் அக்கட்சியின் செனட் தலைவர் எவரெட் டிர்க்சன். அவர் கட்சியை விட்டு விலகவும் இல்லை, ஜான்சனின் ஆளாகவும் ஆகவில்லை.

எல்லா அரசியல்வாதியும் திருடன்தானே? இதில் மதிப்பதற்கு என்ன இருக்கிறது?

இப்படிச் சொல்பவருக்கு விவரமானவர் என்ற பெயர் கிடைக்கிறது. லாபம் கிடைப்பது திருடருக்கு. எல்லோரும் ஒன்றுதான் என்றால், குறைவாகத் தவறு செய்தவருக்கும் நேர்மையாக இருந்தவருக்கும் என்ன பயன்? நேர்மைக்கு வாக்காகக்கூட ஒரு கூலி கிடைக்காத இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? ஊழல்வாதியின் வழக்கறிஞர்கூட இவ்வளவு நன்றாக வாதாட மாட்டார்.

வெறுப்பைப் பரப்புகிறவரையும், நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னவரையும் மதிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. பதவி இருக்கிறது என்பதற்காக யாருக்கும் மதிப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. முதலமைச்சர் நாற்காலிக்குரிய நெறிமுறை மரியாதை வேறு, அதில் அமர்ந்திருப்பவர் சம்பாதிக்க வேண்டிய மதிப்பு வேறு.

ஆனால் எவருக்கும் மறுக்கக்கூடாதது ஒன்று உண்டு. அவர் சொல்லாததைச் சொன்னதாகப் பரப்பக்கூடாது. உடலை, நிறத்தை, சாதியை, நோயை, பிள்ளைகளை இழுக்கக்கூடாது. பெண் அரசியல்வாதி என்றால் நம் பக்கத்து ஆட்களின் நாக்கு எவ்வளவு சீக்கிரம் தடம் புரள்கிறது என்று கவனித்திருப்பீர்கள். ஊழல் பற்றிப் பேச வந்தவர் அவருடைய புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இந்த எல்லையை அந்த அரசியல்வாதிக்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவதூறு கலந்துவிட்டால் உண்மையான குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். ஒரு போலி மீம், பத்து உண்மையான ஆவணங்களுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கு வழி செய்து கொடுக்கும்.

கேலி செய்யலாமா?

தாராளமாக. முடிவுகளைக் கேலி செய்யுங்கள், வாக்குறுதிகளைக் கேலி செய்யுங்கள், பேச்சுக்குப் பேச்சு மாறுவதைக் கேலி செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்தவரையும் சேர்த்துச் செய்தால் நகைச்சுவை கூடும்.

எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசுச் சம்பளமும் காரும் எதற்கு? தோற்றவர்தானே?

பிரிட்டனில் 1937இலேயே எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டப்படி ஊதியம் வந்துவிட்டது. இந்திய நாடாளுமன்றத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்தது. அரசைக் கேள்வி கேட்பதும் அரசுப் பணியே என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. வரிசெலுத்துபவர் ஆளும் கட்சிக்குச் செலவழிப்பதைவிட இதில் அவருக்கு அதிக லாபம் என்பது என் அபிப்பிராயம்.

2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்ற விழாவுக்கு ஸ்டாலின் போயிருந்தார். இரு கட்சிகளுக்கும் நடுவே இருந்த பகையை அறிந்தவர்களுக்கு அதுவே ஆச்சரியம். அவருக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்தது சர்ச்சையானது. அவர் வருவது தன் கவனத்துக்கு வந்திருந்தால் விதிமுறையைத் தளர்த்தி முன்வரிசையில் அமரவைத்திருப்பேன், அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று ஜெயலலிதா அறிக்கை வெளியிட்டார். ஒரு நாற்காலியைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த நாற்காலி ஸ்டாலினுக்கு மட்டும் உரியதல்ல. அந்தத் தேர்தலில் அவர் அணிக்கு வாக்களித்த லட்சக்கணக்கானவர்களுக்கு எத்தனையாவது வரிசை என்பதுதான் அங்கே இருந்த கேள்வி.

தலைவர் இறந்ததும் எதிரிகள்கூடப் புகழ்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது இந்த மரியாதை எங்கே போனது?

சில சமயம் வெறும் சடங்கு. சில சமயம் அப்படியில்லை. 1964 மே மாதம் நேரு மறைந்தபோது ஜன சங்கத்தின் வாஜ்பாய் மாநிலங்களவையில் ஆற்றிய இரங்கல் உரையைக் காங்கிரஸ்காரர்களே மேற்கோள் காட்டுகிறார்கள். அதை நம்ப முடிவது ஏன் என்றால், அவர் நேருவை உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே விமர்சித்தவர். உங்களுக்குள் ஒரு சர்ச்சிலும் இருக்கிறார், ஒரு சேம்பர்லினும் இருக்கிறார் என்று நேருவிடம் சொன்னதாகவும், நேரு கோபப்படாமல் அன்று மாலையே பார்த்து நல்ல பேச்சு என்று பாராட்டியதாகவும் வாஜ்பாயே பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் நினைவுகூர்ந்தார்.

1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்தார். வாழ்நாளில் அவர் கடுமையாக எதிர்த்த தி.மு.க.வின் ஆட்சி. முதலமைச்சர் கருணாநிதி அரசு மரியாதையோடு அடக்கம் செய்து கிண்டியில் நினைவிடத்துக்கும் ஏற்பாடு செய்தார்.

இறந்தவரை விமர்சிக்கலாமா என்றால், விமர்சிக்கலாம். அஞ்சலி நடக்கும் வீட்டு வாசலில் நின்று வேண்டாம். வரலாறு எழுதும்போது இறந்தவர் என்ற சலுகை கிடையாது.

அண்ணா சொன்ன ‘மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு’ என்பதைத்தானே இவ்வளவு நீளமாகச் சொல்கிறீர்கள்?

ஆமாம், ஏறக்குறைய. ஒன்று மட்டும் கூட்டிக்கொள்வேன். மல்லிகையைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் சொந்தத் தோட்டத்து முள்ளைப் பற்றிப் பேச்சு வருவதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பண்டிகை நாளில்கூடச் சண்டை வருகிறது.

அரசியல்வாதிகள் மீதான வெறுப்பு, அவர்களுக்கு வாக்களிப்பவர்கள் மீதான வெறுப்பாக மாறுவதுதான் ஆபத்தான கட்டம். அமெரிக்காவில் இதை அளந்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி ஆதரவாளரைத் திருமணம் செய்தால் வருந்துவீர்களா என்ற கேள்விக்கு 1960இல் ஆம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் வருந்துவோம் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் மருமகன்களின் குணம் அவ்வளவு கெட்டுப்போயிருக்காது.

வீட்டுச் சண்டைக்கு நான் கண்ட வழி, “நீ ஏன் அந்தக் கட்சிக்குப் போடுகிறாய்” என்பதை விட்டு, “அவர்கள் செய்ததில் உனக்கு எது உதவியது” என்று கேட்பது. பதில் பெரும்பாலும் ஓர் ஓய்வூதியமாகவோ, ஒரு சாலையாகவோ, என்றோ ஒரு நாள் ஆபத்துக்கு வந்து நின்ற ஒரு வட்டச் செயலாளராகவோ இருக்கும். அதோடு வாதிட முடியாது. புரிந்துகொள்ள முடியும். மசியாத மாமாக்களும் உண்டு. அவர்களிடம் கிரிக்கெட் பேசுங்கள்.

நான் வாக்களிக்காதவர் ஜெயித்துவிட்டார். அவரிடம் மனு கொண்டுபோவது வெட்கக்கேடாக இருக்கிறது.

எதற்கு வெட்கம்? அவர் உங்களுக்கும் சேர்த்துத்தான் உறுப்பினர். நான் உங்களுக்கு வாக்களித்தேன் என்று பொய் சொல்லாமல், நான் இந்தத் தொகுதிக்காரன் என்று சொல்லி மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வேலை நடந்தால், அடுத்த தேர்தலில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்யுங்கள். அதற்காக வாக்கையே கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. மனுவைக் கவனிப்பது அவர் வேலை.

யாரையும் பிடிக்கவில்லை. நோட்டா போட்டுவிட்டால் போதாதா?

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த உரிமை அது. பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அதன் பலம் என்ன என்று தெரிந்து போடுங்கள். நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தாலும் தேர்தல் ரத்தாகாது. அதற்கு அடுத்து அதிக வாக்கு பெற்ற வேட்பாளர் வென்றவராவார். அவர் யார் என்பதில் உங்களுக்கு ஒரு சின்ன விருப்பமாவது இருந்தால், போகும் முன் இன்னொரு முறை அந்தப் பிரமாணப் பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். சுயேச்சைகளுடையதையும் சேர்த்து.